குழாயை எந்தப் பக்கம் திருப்புவது? பெங்களூர்ப் பருவங்களும் பழைய காரின் காற்றும்

எங்கள் வீட்டு மோரிஸ் மைனர் குன்னூரிலிருந்து வந்தது. தேயிலைத் தோட்ட மேனேஜர் ஒருவர் ஓட்டிய வண்டி. அப்பா அதை வாங்கி அல்சூருக்குக் கொண்டுவந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் டப்பாவின் மூக்கு, அதாவது காற்றை இழுக்கும் குழாய், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜினின் புகை வெளியேறும் இரும்புக் குழாய், கொதிக்கும்) பார்த்தபடி திரும்பி நிற்கும். நகராமலிருக்கக் கட்டுக்கம்பியால் முறுக்கு வேறு போட்டிருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முப்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ஏப்ரலிலும் மேடு ஏறும்போது இன்ஜின் கிணுகிணுவென்று தட்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைத் திருகி, பிளக்கில் பொறி விழும் நேரமான டைமிங்கை நகர்த்தி, காசை வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். டிசம்பரில் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டால், இன்ஜின் அணைந்து அணைந்து போகும். மறுபடியும் திருகல்.

கடைசியில் சிவாஜி நகரில் வயதான பாய் ஒருவர் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, இது மலை வண்டிக் கட்டு. இங்க எதுக்கு ஊதுகுழலை அடுப்புக்குள்ள சொருகி வெச்சிருக்கீங்க?" என்றார். கம்பியை வெட்டினார், விங் நட்டைத் தளர்த்தினார், டப்பாவை அரை வட்டம் திருப்பினார். தட்டும் சத்தம் முக்கால்வாசி அன்றைக்கே போய்விட்டது. கார்புரேட்டரில் கை வைக்கும் முன் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது. கீழே எழுதியிருப்பது அந்தப் பழக்கத்தின் முழு விவரம். என்னுடையது 1098 சிசி இன்ஜின், எஸ்யூ (SU) என்ற ரகக் கார்புரேட்டர். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும். வித்தியாசம் வரும் இடத்தில் சொல்கிறேன்.

சூடான காற்றும் குளிர்ந்த காற்றும்

காற்று சூடானால் லேசாகும். 15 டிகிரியில் கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.225 கிலோ, 35 டிகிரியில் சுமார் 1.15 கிலோதான். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே அதிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இந்த எடைக் கணக்கு தெரியாது. காற்று லேசானாலும் அதே தாராளத்தோடு பெட்ரோலை விடும். கலவையில் பெட்ரோல் மிகுந்து கெட்டியாகும், பிக்கப் மந்தமாகும். சூடான காற்றை இழுத்தால் சிலிண்டருக்குள் வெப்பமும் கூடி, கலவை தானாகவே வெடித்துத் தட்டத் தொடங்கும். ஆக, கோடைக்குக் குளிர்ந்த காற்று.

அப்படியானால் வருஷம் முழுக்கக் குளிர்ந்த காற்றே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஐஸ் குறுக்கே வருகிறது. கையில் பெட்ரோல் பட்டால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? அதே வேலை கார்புரேட்டரின் கழுத்துக்குள்ளும் நடக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சும். உள்ளே வெப்பம் 15, 20 டிகிரிகூடச் சட்டென்று இறங்கும். வெளியே 12 டிகிரி, காற்றில் ஈரம் என்றால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் பனி படியும். பெங்களூரில் ஐஸா என்று சிரிக்காதீர்கள். டிசம்பர் கடைசியில் விடியற்காலை நந்தி மலைக்குக் கிளம்பி, தேவனஹள்ளி தாண்டிப் பனிமூட்டத்தில் நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐட்லிங் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை, அப்புறம் ஓரமாக நின்றேவிட்டது. பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறி வருகிறது. கார்புரேட்டரைத் தொட்டால் வெளிப்புறமே வேர்த்துக் கிடந்தது. என்ன கோளாறு என்று யோசித்தபடி அஞ்சு நிமிஷம் நின்றேன். மறுபடி சாவி போட்டதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது. நின்ற நேரத்தில் மேனிஃபோல்டின் சூடு மேலேறிப் பனியைக் கரைத்திருக்கிறது.

தானாக நின்று, சும்மா இருந்தால் தானாகச் சரியாகும் கோளாறை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் காட்ட முடியாது. நீங்கள் அங்கே போய்ச் சேரும் நேரத்தில் அது இருக்காது. அதனால்தான் இதற்குக் காசு நிறையச் செலவாகிறது.

உங்கள் வண்டியில் இருப்பது என்ன ரகம்?

மோரிஸ் மைனர், மினி மாதிரி வண்டிகளில் ஃபில்டர் டப்பாவே திரும்பும். மூக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இருந்தால் குளிர்கால நிலை, விலகியிருந்தால் கோடை நிலை. இத்தாலிய ஃபியட் மாடல்கள் சிலவற்றில் மூடியில் இரண்டு எழுத்துக் குறிகள் இருக்கும். இத்தாலி மொழியில் கோடை 'எஸ்தாத்தே', குளிர்காலம் 'இன்வெர்னோ'. அந்தச் சொற்களின் முதல் எழுத்துகள்தான் அவை. மூடியைக் கழற்றி, வேண்டிய குறி அம்புக்கு நேரே வருகிற மாதிரி திருப்பி வைத்தால் போதும். சில ஐரோப்பிய வண்டிகளில் உள்ளே ஒரு சிறிய கதவு இருக்கும். சூட்டைப் பொறுத்து அது தானாகத் திறந்து மூடும். இந்த ஊரில் பார்க்கிற இவ்வகை வண்டிகளில் அந்தக் கதவு துருப்பிடித்து ஒரே பக்கம் நின்றுபோயிருப்பதுதான் அதிகம். விரலால் தள்ளிப் பாருங்கள்.

பழைய அம்பாசடர்களில் ஆயில் தொட்டி ஃபில்டர் வரும். அதற்குத் தனி வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். உங்கள் வண்டியில் எதுவுமே திரும்பாது என்றால், மூக்கின் நுனியில் ஒரு குழாய் மாட்டி வேண்டிய பக்கம் கொண்டுபோகலாம்.

எப்போது மாற்றுவது

காலண்டரில் இரண்டு தேதியைக் குறித்து வைப்பதெல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி. பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை போனது. அதே ஊரில் ஜனவரி விடியலில் 12, 13 டிகிரியையும் பார்க்கிறோம். ஆனால் அந்த ஜனவரியிலேயே மத்தியானம் 27 டிகிரி இருக்கும். நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: பிப்ரவரி நடுவிலிருந்து நவம்பர் கடைசிவரை கோடை நிலை. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை ஓட்டும் பழக்கம் இருந்தால் மட்டும் குளிர்கால நிலை. காலை பத்து மணிக்கு மேல்தான் வண்டியை எடுப்பேன் என்பவர்கள் வருஷம் முழுக்கக் கோடை நிலையிலேயே விட்டுவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

உண்மையில் எனக்குத் தேதியை விட ஈரம்தான் முக்கியம். வறண்ட 10 டிகிரியில் வராத ஐஸ், மூடுபனியோடு 14 டிகிரியில் வந்துவிடும். முன் கண்ணாடியில் வைப்பர் போடுகிற அளவுக்குப் பனி இறங்குகிறதா? அன்றைக்குக் குழாய் மேனிஃபோல்டு பக்கம்.

வேலையைத் தொடங்குவோம்

முதலில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்று. சூடான மேனிஃபோல்டுக்கு மேலே பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் பெட்ரோல் ஹோஸைக் கையால் தடவுங்கள். ஈரம், வெடிப்பு, பிசுபிசுப்பு இருந்தால் இன்றைய வேலை அதுதான். காற்றுக் குழாயை நாளைக்குப் பார்க்கலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய ரப்பர் அதைத் தாங்காது. ஜே.சி. ரோட்டில் எத்தனாலுக்கு என்று கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று கொடுப்பதை வாங்காதீர்கள்.

அடுத்து விங் நட்டைக் கழற்றி டப்பாவை வெளியே எடுங்கள். கார்புரேட்டரின் வாய் இப்போது திறந்திருக்கும். ஒரு சுத்தமான துணியால் அதை மூடுங்கள். கழற்றிய நட்டும் வாஷரும் அதற்குள்ளே விழுந்தால் அன்றைய நாள் அவ்வளவுதான். துணியை எடுக்க மறக்காமலிருக்க அதன் ஒரு முனையை பானெட் கம்பியில் கட்டிவிடுவேன். ஒரு தடவை மறந்திருக்கிறேன்.

ஃபில்டர் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் தரையில் மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்த்து, ஏர் பிடிப்பதானால் உள்ளேயிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் பிடியுங்கள். வெளியேயிருந்து உள்ளே பிடித்தால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். தண்ணீரில் கழுவக் கூடாது. வெளிச்சம் தெரியாவிட்டால் புதுசு. மெட்ரோவுக்குத் தோண்டும் ரோட்டுப் பக்கம் குடியிருப்பவர்கள் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அடைத்த ஃபில்டரும் கலவையைக் கெட்டியாக்கும். பலர் கார்புரேட்டரைக் குறை சொல்வது இதனால்தான்.

டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு கேஸ்கெட் அல்லது ரப்பர் வளையம் இருக்கும். காய்ந்து கெட்டிப்பட்டிருந்தால் மாற்றுங்கள். அதன் வழியாகக் காற்று நுழைந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. தூசி நேராக சிலிண்டருக்குத்தான் போகும்.

இப்போது திருப்பல். குளிர்கால நிலைக்கு மூக்கை மேனிஃபோல்டின் பக்கம் கொண்டுவாருங்கள். ஆனால் ஒட்ட வைக்காதீர்கள். இரண்டு விரல் இடைவெளி வேண்டும். சூடான இரும்பைச் சுற்றியிருக்கும் காற்று போதும், இரும்பைத் தொட வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் மூக்கு திரும்பாது என்றால் கேஸ் கீசருக்கும் சமையலறைச் சிம்னிக்கும் போடுகிற, இழுத்தால் நீளும் அலுமினியக் குழாயை வாங்கி கிளிப் போட்டு இறுக்குங்கள். மூக்கை விடச் சிறிய குழாய் கூடாது, மூச்சுத் திணறும். பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம்.

கோடை நிலை என்றால் மேனிஃபோல்டை விட்டு விலக்கினால் போதும் என்று நினைப்பார்கள். அது பாதிதான். ரேடியேட்டருக்குப் பின்னால் வரும் காற்றும் சூடுதான். சந்தேகம் இருந்தால் வயர் நுனி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை மூக்கின் வாயில் கட்டி, டிஸ்ப்ளேயைக் கண்ணாடி வழியே தெரிகிற மாதிரி வைத்து ஒரு சுற்றுப் போய் வாருங்கள். நான் அப்படிச் செய்த ஒரு மத்தியானம் வெளியே 34. ஹெப்பால் மேம்பாலத்தின் மேல் ஓடும்போது வாயில் 40-க்குள் இருந்தது, கீழே சிக்னலில் நின்றதும் 50-ஐத் தாண்டியது. இரண்டு மூன்று கோணங்களில் வைத்துப் பார்த்து, எங்கே எண் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். டப்பாவில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் குறித்துவிட்டால் அடுத்த வருஷம் யோசிக்க வேண்டாம். எங்கள் டப்பாவில் சிவப்பு கோடைக்கு, நீலம் பனிக்கு.

கார்புரேட்டர்: கை வைத்தே ஆக வேண்டுமா?

குழாயைத் திருப்பிய பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் நிறுத்திக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் கலவையைத் திருகுவது இந்த ஊருக்குத் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியும் சந்தேகம் இருந்தால் எஸ்யூவில் ஒரு நல்ல சோதனை உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடாகி ஐட்லிங்கில் இருக்கும்போது கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சின்ன பின்னை மேலே தள்ளி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே தொடர்ந்தால் கலவை கெட்டி. வேகம் விழுந்தால் அல்லது இன்ஜின் நின்றால் மெலிவு, அதாவது பெட்ரோல் குறைவு. கொஞ்சம் கூடி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி. பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அடியிலிருக்கும் நட்டை மேலே ஏற்றினால் மெலியும், கீழே இறக்கினால் கெட்டியாகும். ஒரு தடவைக்கு ஒரு பட்டை, அதாவது ஆறில் ஒரு சுற்று. ரொம்ப நேரம் ஐட்லிங்கில் விட்டுச் சோதித்தால் தப்பான பதில் வரும். இடையிடையே அரை நிமிஷம் ரேஸ் கொடுத்து உள்ளே சேர்ந்ததைக் கிளியர் பண்ணுங்கள். பிஸ்டனுக்கு மேலே இருக்கும் டேம்பரில் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றினால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு தடவை திக்கும். அதைக் குளிர் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வந்த பிறகு பல பழைய வண்டிகளில் கலவை மெலிந்திருக்கிறது, ஏனென்றால் எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. பிளக் வெளுத்திருந்தால் ஒரு பட்டை இறக்கலாம். பிஸ்கட் நிறம் என்றால் தொடாதீர்கள். இன்னொன்று: எத்தனால் ஆவியாக பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சூடு எடுக்கும். பனிக்காலத்து ஐஸுக்கு இது கூடுதல் உதவி.

குளிரில் ஸ்டார்ட் பண்ணக் கலவையைக் கெட்டியாக்கும் சோக்கின் கேபிளைக் குளிர்காலம் முடிந்ததும் பாருங்கள். டேஷ்போர்டில் உள்ளே தள்ளியிருந்தாலும் அடியில் முழுக்கத் திரும்பாமல் நிற்கும். கோடையில் மைலேஜ் குறைந்து கரும்புகை வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

அம்பாசடரின் ஆயில் தொட்டி

இதில் காற்று ஆயில் மேல் மோதித் திரும்பும். கனமான தூசி ஆயிலில் விழுந்துவிடும், மிச்சத்தை மேலே இருக்கும் கம்பி வலை பிடிக்கும். ஜனவரியிலிருந்து முதல் மாங்காய் மழை வரும்வரை தூசிக்காலம். அந்த மாதங்களில் அடிக்கடி திறந்து பாருங்கள். அடியில் சேறு ஒரு விரல் கனம் இருந்தால் கொட்டிவிட்டு, தொட்டியையும் வலையையும் மண்ணெண்ணெயில் அலசி, வலையைத் தலைகீழாக வைத்து முழுக்க வடியவிடுங்கள். பிறகு இன்ஜினுக்கு ஊற்றும் அதே ஆயில், கோடு வரை மட்டும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் இன்ஜின் அதை உறிஞ்சிக் குடித்து நீலப்புகை விடும். ரிங் போய்விட்டது என்று பயமுறுத்தி இன்ஜினைப் பிரிக்கச் சொல்வார்கள்.

மழை

பெங்களூரில் மழைக்குக் கோடை நிலைதான், ஆனால் மூக்கு கிரில்லுக்கு நேரே பார்க்கக் கூடாது. நனைந்த ஃபில்டர் காகிதம் உப்பி அடைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீருக்குள் போனால் ரேடியேட்டருக்குப் பின்னாலிருக்கும் ஃபேன் தண்ணீரை வாரி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் மூக்குக்குள்ளும் இறைக்கும். சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் தண்ணீர் தெரிந்தால் திரும்பிப் போய்விடுங்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஒரு பெண் இறந்தார். கோடை மழையில் நடந்தது அது.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளி வெளியே கொண்டுவந்து, நாலு பிளக்கையும் கழற்றி, கையால் சுற்றி வெளியேற்றிய பிறகுதான் சாவி.

ஊட்டி போகிறவர்களுக்கு

குழாய் விஷயத்தில் நான் அதிகம் தப்பு செய்தது இந்த வழியில்தான். ஊட்டி 2,240 மீட்டர், குளிரும், ஆகவே பந்திப்பூரிலேயே குளிர்கால நிலைக்குத் திருப்பிவிடுவேன். மசினகுடி தாண்டி கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஏறும்போது ஏற்கெனவே கொதிக்கும் இன்ஜினுக்குச் சுடச்சுடக் காற்று. பாதியில் பெட்ரோல் ஹோஸிலேயே ஆவியாகி வண்டி நின்றது. ஈரத் துணியைப் பம்ப்பில் சுற்றிக்கொண்டு ரோட்டோரம் அரை மணி நேரம்.

ஏற்றத்தில் த்ராட்டில் அகலமாகத் திறந்திருக்கும், இன்ஜினும் சூடு. ஐஸ் பிடிக்க வழியில்லை. ஆகவே கோடை நிலையிலேயே ஏறுங்கள். மேலே போய்ச் சேர்ந்து, இன்ஜின் ஆறியதும் திருப்புங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் கலவையை ஒரு பட்டை மெலிக்கலாம், இரண்டு நாளைக்கு வேண்டாம்.

ஐஸுக்கு உண்மையான இடம் இறக்கம். காலை ஆறு மணிக்கு பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், சுற்றிலும் ஈரமான மூடுபனி, இன்ஜினும் சூடேறாது. மூடிய தகட்டைச் சுற்றியிருக்கும் அந்த மெல்லிய இடுக்கில் பனி படிந்து, வளைவில் இன்ஜின் நின்றால், கியரில் இருக்கும்வரை அது தெரியக்கூடத் தெரியாது. ஆகவே இறங்கும் அன்று நீலக் குறியில் வைத்துவிட்டுத்தான் ஊட்டியை விட்டுக் கிளம்புவேன். கூடலூரில் டீ சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து, அப்போது டப்பா சூடாக இருக்கும் என்பதால் துணியைச் சுற்றிப் பிடித்து, சிவப்புக்குத் திருப்புவேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.